காது மிஷின் மாட்டிவிடத்தான் நாலு வருஷப் படிப்பா?



நீளமான பதிவு. பள்ளிக்கூடத்தில் 45 நிமிஷத்தில் மணி அடித்து என் வாயை அடைத்துவிடுவார்கள். இங்கே மணி இல்லை. பொறுமை இருந்தால் முழுசாக வாசியுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்துச் சொல்ல மட்டும் வராதீர்கள்.

நம் குடும்பக் குழுவில் நாலு நாளாக ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. உறவில் ஒரு பெண்பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மார்க். துணை மருத்துவப் படிப்புகளுக்கான கவுன்சிலிங்கில் பி.ஏ.எஸ்.எல்.பி. எடுக்கப்போகிறேன் என்கிறாள். செவித்திறன், பேச்சு, மொழி மூன்றையும் சேர்த்துப் படிக்கிற பட்டப்படிப்பு. மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் நேரடிப் பயிற்சி. முடித்தால் ஆடியாலஜிஸ்டாகவும் பேச்சுப் பயிற்சியாளராகவும் வேலை பார்க்கலாம். அவள் சொன்னது அவ்வளவுதான்.

வந்த பதில்களைப் பெயர் போடாமல் தருகிறேன். "அது என்ன படிப்பு, கேள்விப்பட்டதே இல்லையே." "நர்சிங் எடுத்தாலாவது வெளிநாடு போவா." "செவிடங்ககிட்ட கத்திக் கத்தி இவ தொண்டை போயிரும்." இந்தக் கடைசி முத்துக்குப் பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். பதினோரு பேரில் நாலு பேர் அறுபது தாண்டியவர்கள். டி.வி. சத்தத்தை எந்த எண்ணில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பது உங்கள் வீட்டு மருமகள்களுக்குத் தெரியும்.

அதையே என் பக்கத்தில் எழுதியபோது என் பழைய மாணவன் ஒருவன், இப்போது சென்னையில் ஐ.டி. வேலை, மரியாதையாகவே கேட்டான்: "டீச்சர், இப்ப போன்லயே காது டெஸ்ட் பண்ண ஆப் வந்துட்டு. மிஷின் ஆன்லைன்ல மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கு. அமெரிக்காவுலயே சீட்டு இல்லாம கடையில வாங்கலாம்னு ஆக்கிட்டாங்க. இன்னும் பத்து வருஷத்துல இந்த வேலையே இருக்காது. அந்தப் பிள்ளையைக் கெடுக்காதீங்க."

சிரிப்புப் பொம்மைக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டும். கேள்வியில் பாதி சரி, அதனால்தான் ஆபத்து.

தம்பி, உனக்குப் பத்தாம் வகுப்பில் ஒலி பற்றிய பாடம் நடத்தியது நான்தான். அதை நினைவில் வைத்துக்கொண்டு கேள். ஒரு காது முழுக்கப் போய்விட்ட ஆளை உட்கார வைத்து, ஹெட்போனில் அந்தக் கெட்ட காதுக்கு மட்டும் சத்தம் கொடுக்கிறாய். ஏறக்குறைய 40 டெசிபலைத் தாண்டினால் அந்தச் சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியாக மறுபக்கத்து நல்ல காதுக்குப் போய்விடும். ஆள் "கேக்கு" என்று கையைத் தூக்குவார். பொய் சொல்லவில்லை, அவருக்குக் கேட்கத்தான் செய்கிறது. எந்தக் காதில் கேட்டது என்பது அவருக்கே தெரியாது. உன் ஆப் "லேசான குறைபாடு" என்று பச்சை நிறத்தில் எழுதிக் காட்டும். படித்த ஆள் என்ன செய்வார் தெரியுமா? நல்ல காதுக்கு ஓர் இரைச்சலைக் கொடுத்து அதை வேலையாக வைத்துவிட்டு, கெட்ட காதைத் தனியாகப் பரிசோதிப்பார். எவ்வளவு இரைச்சல், எப்போது கூட்டுவது, எப்போது அது மறுபக்கம் தாண்டிப் போய் அந்தக் காதையும் மறைத்துவிடும் என்பதெல்லாம் கணக்கு. அதற்குப் பிறகு காதின் பின்னெலும்பில் அதிர்வியை வைத்து இன்னொரு சோதனை. வெளியே காற்று வழியாகக் கேட்பதற்கும் எலும்பு வழியாகக் கேட்பதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தால்தான் கோளாறு சவ்விலும் நடுக்காதிலுமா, உள்காது நரம்பிலா என்று பிரிக்க முடியும். முன்னதென்றால் பல நேரம் காது-மூக்கு-தொண்டை டாக்டர் மருந்தாலோ அறுவையாலோ சரிசெய்வார். மிஷினே வேண்டாம். சவ்வில் ஓட்டை விழுந்து சீழ் வடிகிற காதுக்குள் ஆன்லைன் மிஷினைச் செருகிக்கொண்டு அலைகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். 2022 அக்டோபரிலிருந்து அங்கே சீட்டில்லாமல் காது கருவி விற்கலாம், உண்மை. ஆனால் யாருக்கு? 18 வயது தாண்டியவர்களுக்கு, லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு இருப்பதாக உணர்கிறவர்களுக்கு. குழந்தைகளுக்குக் கிடையாது, கடுமையான குறைபாட்டுக்குக் கிடையாது. அதே அமெரிக்காவில் ஆடியாலஜிஸ்டாக வேலை பார்க்க வேண்டுமென்றால் இன்று ஒருவர் முனைவர் நிலைப் பட்டம் முடிக்க வேண்டும். ஒரு கையால் கடையைத் திறந்துவிட்டு மறு கையால் படிப்பை உயர்த்தியிருக்கிறான். நாம் முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

எங்கள் அத்தான் ஒருவர், பெரிய மனுஷர், ஓய்வு பெற்றவர். ஒரு கடையில் மிஷின் வாங்கினார். கடை எதுவென்று வேண்டாம், எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஒன்று. அங்கிருந்த பையன் ஐந்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, காதில் மாட்டி, "கேக்குதா ஐயா?" என்று கேட்டான். கேட்டது. காசைக் கட்டிவிட்டு வந்தார். வீட்டில் எவர்சில்வர் தட்டு விழுந்தால் தலையில் இடி விழுந்த மாதிரி துள்ளினார். பஸ் ஹாரனுக்கு நடுங்கினார். ஆனால் பேத்தி பேசினால் புரியவில்லை. ஒரு மாதத்தில் மிஷின் பீரோவுக்குள் போய்விட்டது. "மிஷின்லாம் சரிப்படாது" என்பது இன்றுவரை அவர் தீர்ப்பு. சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டு பீரோவையும் திறந்து பாருங்கள்.

ஏன் அப்படி ஆகிறது? நரம்புக் கோளாறில் காது கேட்கிற வீச்சு குறுகிவிடும். மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் நம்மைப் போலவே, சில நேரம் நம்மைவிட அதிகமாக, உறுத்தும். மேலே கூரை அதே உயரத்தில், தரை மட்டும் ஏறிவிட்ட வீடு மாதிரி. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்கினால் தலை கூரையில் இடிக்கும். மெல்லியதை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும், அதுவும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் வேறு வேறு அளவில் பெருக்க வேண்டும். பெருக்கியது சரியா என்று பார்க்க ஒரு மெல்லிய குழாய் மைக்கைக் காதுக்குள் விட்டுச் சவ்வுக்குப் பக்கத்தில் அளக்க வேண்டும். காதுக்குக் காது துவாரத்தின் அளவு மாறும். கைக்குழந்தையின் காதுத் துவாரம் சின்னது, அதே மிஷின் அதற்குள் அதிகச் சத்தம் போடும். பெரியவருக்குச் சரியான அளவு குழந்தைக்குக் கேடு. இதைத்தான் நாலு வருஷம் படிக்கிறார்கள். "மாட்டிவிடுற வேலை" என்று சொல்கிறவர்கள் ஊசி போடுவதை "குத்திவிடுற வேலை" என்று சொல்வார்களா?

பேத்தி பேச்சு ஏன் புரியவில்லை என்பது இன்னொரு சங்கதி. உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த அதிர்வெண். அர்த்தத்தைப் பிரித்துக் காட்டுகிற வல்லொலிகளும் சகரமும் மெல்லியவை, பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண். வயதாலும் இரைச்சலாலும் கெடுகிற காது முதலில் இழப்பது இந்த உயர்ந்த பகுதியை. பட்டி, தட்டி, கட்டி, சட்டி நாலும் ஒன்றாகக் காதில் விழும். "கேக்கு, ஆனா வெளங்கலை" என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு இல்லை. அச்சு அசலான மருத்துவ விவரம்.

இதில் தமிழுக்கும் வேலை இருக்கிறது, தமிழாசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகள் கவனியுங்கள். சொல்லைக் கொடுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்கிற பரிசோதனையை அவரவர் தாய்மொழியில்தான் செய்ய வேண்டும். நம்மூர்ப் பாட்டியிடம் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் அது காதுப் பரீட்சை இல்லை, இங்கிலீஷ் பரீட்சை. ல, ள, ழ மூன்றையும் நம் பேச்சில் எப்படிச் சொல்கிறோம், ஒரு பிள்ளை 'ர'வைத் தவறாகச் சொன்னால் அது குறைபாடா வட்டார வழக்கா என்று பிரிக்க, நம் கடற்கரைப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்த ஆள் வேண்டும். அவள் நம் வீட்டிலிருந்தே கிளம்புகிறாள், நீங்கள் கதவைச் சாத்துகிறீர்கள்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? 1992-இல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது. ஆடியாலஜிஸ்ட் என்று தொழில் செய்ய அந்தக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! ஒரு மிஷினில் பத்து, இருபது மடங்கு லாபம் பார்க்கிறவன் அந்த அபராதத்தை டீக்காசுக் கணக்கில் எழுதிக்கொள்வான். விற்பனைப் பயிற்சி மட்டும் எடுத்த பையன்கள் வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அவர்கள் இல்லை, அவர்களும் பிழைக்க வந்த பிள்ளைகள். பல்லில்லாத சட்டமும், "பட்டம் எங்கே?" என்று கேட்காத நாமும்தான் காரணம். மருந்துக்கடையில் கேட்போம், ஸ்கேன் சென்டரில் கேட்போம். காது என்றால் மட்டும் கண்ணாடிக்கடையோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வருவோம்.

ஊர்ப் பக்கம் வருகிறேன். காதைக் கெடுக்கிற தொழில்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு வரலாம். தொல்லாயிரம் பார் வரை போய் முத்துக் குளித்த பரம்பரை நம்முடையது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள், மேலே கயிறு பிடிப்பது மச்சான் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதாம்! முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. சங்கு குளிப்பது நிற்கவில்லை, திரேஸ்புரத்தில் போய்ப் பாருங்கள். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. வாயு பாதியாகச் சுருங்கும் என்று பாயில் விதி படித்தோம் அல்லவா, அது நடுக்காதில் இருக்கிற காற்றுக்கும் பொருந்தும். சளி பிடித்திருக்கிற நாளில், மூக்கிலிருந்து காதுக்குப் போகிற குழாய் அடைத்திருந்தால், சவ்வு உள்ளே இழுக்கப்பட்டுக் கிழியும். "முதல் நாள் ரத்தம் வந்தாத்தான் காது பழகும்" என்று பெரியவர்கள் சொல்லிக்கேட்டு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். பழகவில்லை, ஓட்டை விழுந்தது. கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கும் ஹேன்யோ பெண்களின் காதைப் பரிசோதித்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். நம் குளியாளிகளின் ஆடியோகிராம் எந்த அலமாரியில் இருக்கிறது?

துறைமுகம் 1974-இல் பெரிய துறைமுகமானது. அனல்மின் நிலையம், கப்பல் பழுது பார்க்கிற இடம், மில்லு, உப்பளத்து டீசல் பம்பு, வள்ளத்தில் காலடியிலேயே அலறுகிற இன்ஜின். நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை இருக்கலாம். அமெரிக்காவின் தொழில் நல ஆய்வு நிறுவனம் 85-க்கு மேல் வேண்டாம் என்கிறது. அஞ்சு டெசிபல்தானே என்று நினைக்காதீர்கள், டெசிபல் மடக்கைக் கணக்கு. அந்த அஞ்சில் ஒலியாற்றல் மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஒலியை மின்துடிப்பாக்குகிற மயிர்செல்கள் ஒரு காதில் சுமார் பதினையாயிரம். மனிதருக்குச் செத்தது செத்ததுதான், முளைக்காது. ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். அதைப் பார்த்தவுடனே படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள், இந்த ஆள் இரைச்சலில் வேலை பார்த்தவர் என்று.

1886-இலேயே கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற டாக்டர் கொதிகலன் செய்கிற தொழிலாளிகள் நூறு பேரின் காதைச் சோதித்து எழுதிவிட்டார். 1908-இல் நம் கோரல் மில் தொழிலாளிகளுக்காக வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்றபோது கூலியும் வார விடுமுறையும் கேட்டார்கள். நியாயம், வயிறுதான் முதலில். அதற்குப் பிறகு நூறு வருஷம் கடந்துவிட்டது. இரைச்சலால் வரும் காது கேளாமை இன்று தொழிலாளர் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இழப்பீட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. பட்டியலில் இருப்பதை யார் கண்டுபிடித்து, அளந்து, எழுதிக் கையெழுத்துப் போடுவது? ஆள் வேண்டும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் பாதுகாப்பு அதிகாரிகளாக இருக்கிற என் மாணவர்கள் ஏழெட்டுப் பேருக்கு நேராகவே சொல்கிறேன்: வருஷாந்திர மருத்துவப் பரிசோதனையில் எடுக்கிற ஆடியோகிராமின் நகலைத் தொழிலாளி கையில் கொடுங்கள். ஃபைலில் வைத்தால் அது உங்களுக்குக் காப்பு, அவனுக்கு ஒன்றுமில்லை.

பெரியவர்களை விடுங்கள், அவர்களுக்காவது மொழி இருக்கிறது. எனக்கு வயிறு எரிவது பிள்ளைகளை நினைத்துத்தான்.

பிறவியிலேயே காது கேட்காத குழந்தை பார்வைக்கு மற்றக் குழந்தை மாதிரியேதான் இருக்கும். சிரிக்கும், தவழும், கையை ஆட்டும், ஆறு மாதம் வரை 'ங்கா' கூட சொல்லும். ரெண்டு வயதாகியும் பேசவில்லை என்றால், "இவுக அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பீர்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வீர்கள், மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றுவீர்கள், நாக்குக்குக் கீழே தேன் தடவுவீர்கள். நாக்கில் ஒன்றுமில்லை. மூளையில் மொழிக்கான இடம் முதல் மூன்று வருஷத்தில்தான் வேகமாக வளருகிறது. அந்த வயதில் காது வழியாகவோ கண் வழியாகவோ ஏதாவது ஒரு மொழி உள்ளே போயாக வேண்டும். உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவான பரிசோதனை, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். முதல் சோதனையின் பெயர் ஓ.ஏ.இ. உள்காது தானே ஒரு மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும் என்று 1978-இல் டேவிட் கெம்ப் என்ற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்தார். அந்த எதிரொலி வருகிறதா என்று தூங்குகிற குழந்தையின் காதில் சின்ன மொட்டை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம். வலி இல்லை, ஊசி இல்லை. இங்கிலாந்தில் 2006-க்குள் இதை நாடு முழுக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். பக்கத்துக் கேரளம் அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் திட்டம் போட்டுச் செய்கிறது.

நம்மிடமும் காகிதத்தில் எல்லாம் உண்டு. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007-இல் தொடங்கியது. குழந்தைகள் நலத் திட்டத்தில் 2013-இலிருந்து பிறவிக் காதுகேளாமை சேர்ந்திருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலைச் சிகிச்சை மையம், அதில் ஆடியாலஜிஸ்ட் பணியிடம். காக்ளியர் கருவியை உள்ளே பொருத்துகிற, பல லட்ச ரூபாய் ஆகிற அறுவையை முதலமைச்சர் காப்பீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், இதில் தமிழ்நாடு பெரிய காரியம் செய்திருக்கிறது. ஆனால் கருவியை வைத்துவிட்டால் குழந்தை மறுநாள் பேசாது. புதுச் சத்தத்தை மூளைக்குப் பழக்க வாரத்துக்கு வாரம், வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். வேம்பாரிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு பஸ் மாறி மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை வாரம் வருவாள்? அறுவை செய்கிற டாக்டர் ஒரு நாள் வேலை பார்க்கிறார். பயிற்சி கொடுக்கிற ஆள் மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும். போஸ்டரில் முதல் ஆளின் படம்தான் வருகிறது.

இதை நம்மால் செய்ய முடியாது என்று சொல்ல வராதீர்கள். இந்தியாவில் காதுகேளாதோர் பள்ளி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அடுத்துப் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற அம்மாள் ஒரு பள்ளி தொடங்கினார். நம் மண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த வேர் இருக்கிறது. அங்கே படித்து, கையால் அழகாகப் பேசி, குடும்பம் நடத்தி, வேலை பார்க்கிறவர்களை நமக்குத் தெரியும். சைகை மொழி மட்டமானதில்லை, அதற்கும் இலக்கணம் உண்டு. ஆடியாலஜி படிக்கிற பிள்ளைகள் அதையும் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. மிஷினும் வேண்டும், கையும் வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது என்பது பிள்ளையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. 'ஊமை' என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர்கள் தொண்டையில் ஒரு குறையும் இல்லை.

சொந்தங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும், அத்தை பிள்ளைக்கும் மாமன் பிள்ளைக்கும் கட்டிக்கொடுப்பதைச் சொத்து வெளியே போகாமல் பார்க்கிற புத்திசாலித்தனம் என்கிறோம். பிறவிக் காதுகேளாமையில் பெரும்பங்கு மரபணுவால் வருவது. ஜி.ஜே.பி.2 என்று ஒரு மரபணு. அதில் ஒரு பிழையை ஒரே ஒரு பிரதியில் சுமக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகக் கேட்கும். அதே பிழையைச் சுமக்கிற இரண்டு பேர் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் ஒரே பிழையைச் சுமக்கிற சாத்தியம் அதிகம். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக்கூட இந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டலாம். இன்னொன்று ருபெல்லா. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் பிள்ளையின் காதைத் தின்றுவிடும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தடுப்பூசியைப் போட்டபோது "போடாதீர்கள்" என்று குரல் பதிவுகள் பறந்தன. நம் குழுவிலும் பறந்தன. அனுப்பியவர்களே இன்று "அது என்ன படிப்பு?" என்று கேட்கிறீர்கள்.

இனி சம்பளம். நர்சிங் கட்சிக்காரர்கள் இதைத்தான் கேட்பீர்கள், இது நேர்மையான கேள்வி. தனியாரில் தொடக்கச் சம்பளம் குறைவு. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, வருஷாவருஷம் புதுப்பிக்கிற கதை. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1960-களிலிருந்து இந்தப் படிப்பைக் கொடுக்கிறது, நாட்டிலேயே பெரியது. அங்கே படித்தவர்களில் கணிசமானவர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். ஆக, வெளிநாடு போக முடியாது என்ற கவலை வேண்டாம். எனக்குக் கவலை அவர்கள் இங்கே நிற்க முடியாததுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கேட்டல் குறைபாடு என்று பதிவானவர்கள் சுமார் 50 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை வைத்து நம் அரசே சொல்கிற கணக்கு 6.3 கோடி. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நடுவில் விழுந்துபோன கோடிக்கணக்கான பேர் யார்? வீடு தேடி வந்த கணக்கெடுப்பாளரிடம் "இல்ல சார், லேசா மந்தம், அவ்வளவுதான்" என்றவர்கள். 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் சான்றிதழ் பக்கம் வரச் சொல்கிறது. 55 இருக்கிற பள்ளிப்பிள்ளை எங்கே போகும்? கடைசி பெஞ்சுக்குப் போகும், "கவனமில்லை" என்று பெயர் வாங்கும். வேலை இல்லை என்று சொல்கிறீர்கள். வேலை மலை போல இருக்கிறது, பணியிடம்தான் இல்லை.

அதனால் கேட்க வேண்டியதை அந்தப் பிள்ளையிடம் கேட்காதீர்கள், அரசிடம் கேளுங்கள். இந்தப் படிப்புள்ள கல்லூரிகளில் பெரும்பாலானவை சென்னையிலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. நமக்குச் சென்னை 600 கிலோமீட்டர். அதைவிடத் திருவனந்தபுரத்துத் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் பக்கம், ஆனால் அது வேறு மாநிலம், வேறு மொழி. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000-இல் வந்தது. காது-மூக்கு-தொண்டைப் பிரிவு இருக்கிறது, பிரசவப் பிரிவு இருக்கிறது, பரிசோதிக்கத் துறைமுகமும் வள்ளமும் குளியாளிகளும் வாசலிலேயே இருக்கிறார்கள். அங்கே இந்தப் பட்டப்படிப்பில் இருபது இடம் கேட்பது பேராசையா? பணியிடத்தை நிரந்தரமாக்கு, அபராதத்தைக் கூட்டு, தென்மாவட்டத்தில் படிப்பைத் தொடங்கு. கட்சியில் இருக்கிற பிள்ளைகள், கவுன்சிலராக இருக்கிறவர்கள், மனு எழுதித் தர நான் தயார். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைக்குக் கவுன்சிலிங் தேதி வந்துவிடும். அவளுடைய அம்மா, அதாவது என் மதினி மகள், இதை வாசிப்பாள் என்று தெரியும். ஹாஸ்டல் பணம் பற்றி நாம் தனியாகப் பேசிக்கொள்வோம்.

மற்றவர்களுக்கு உடனே செய்யக்கூடிய காரியங்கள் சில. மிஷின் வாங்கப் போனால், பரிசோதிக்கிறவரிடம் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருந்தால் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். முதல் சில நாட்களில் மருந்து போனால் திரும்ப வாய்ப்புண்டு, தள்ளிப் போனால் குறையும். மிஷின் போட்டிருக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலியையும் சொல்லிப் பாருங்கள். ஆறும் கேட்டால் மிஷின் வேலை செய்கிறது. ஸ் மட்டும் கேட்கவில்லை என்றாலும் ஆடியாலஜிஸ்டிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு வருஷத்துக்குள் வீட்டில் பிரசவம் பார்த்தவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து அதில் எங்காவது ஓ.ஏ.இ. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கமெண்டில் எழுத வேண்டாம், நேராக எனக்குப் போன் போடுங்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல்.